ஆளில்லாத நிலம்

"சேர், அந்த நாட்டிலை சனங்கள் இல்லையோ?"

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நமீபியா நாட்டில் பன்னிரண்டு நாள்கள் மோட்டார் வண்டியில் சுற்றி வந்தேன். அங்கு எடுத்த படங்களுள் அறுபதைத் தெரிந்தெடுத்து, ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வகுப்பறைச் சுவரில் மாணவர்க்குக் காட்டினேன். செம்மணற் குன்றுகளும், நீர் பருகும் யானைகளும், வரிக்குதிரைக் கூட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மாணவர் ஆரவாரித்தனர். எல்லாம் முடிந்து யன்னல்களைத் திறந்தபோதுதான் அப்பெண் எழுந்து இக்கேள்வியைக் கேட்டாள். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு எல்லாப் படங்களையும் மீண்டும் பார்த்தேன். எழுநூறுக்கு மேற்பட்டவை. அவற்றுள் மனித முகம் தென்பட்டவை ஐந்தே. மூன்றில் நான் நின்றேன். ஒன்றில் அத்தான் நின்றார். ஐந்தாவதில், ஓரத்தில், பாதி வெட்டுண்டவராய் ஒரு மனிதர் நின்றார். அவரைப் பற்றிப் பின்னர் சொல்வேன்.

என் தமக்கையின் கணவர் நமீபியத் தலைநகரான விண்ட்ஹூக்கில் கணித ஆசிரியராகப் பணிபுரிபவர். "ஒருக்கா வந்து பாரும் தம்பி" என்று ஆண்டுதோறும் அழைப்பார். ஆசிரியன் ஒருவனின் சம்பளத்துக்கு எட்டும் பயணமன்று அது. விமானச் சீட்டின் பாதிச் செலவை அவர் ஏற்ற பின்னரே கைகூடிற்று. எமது நாட்டைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேற்பட்ட பரப்புடையது நமீபியா. மக்கள் தொகையோ 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 30 இலட்சத்தைச் சற்றே தாண்டியது. எங்கள் தெருக்களிற் போலவே அங்கும் வண்டிகள் இடப்பக்கமாகச் செல்கின்றன. ஆதலால் வண்டியின் கூரைமேல் விரிக்கத்தக்க கூடாரம், இரண்டு மாற்றுச் சில்லுகள், தண்ணீர்க் கலன்கள், அடுப்பு ஆகியவற்றோடு ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து, நானும் அத்தானும் மாறிமாறி ஓட்டுவதென முடிவு செய்தோம்.

விண்ட்ஹூக்கை விட்டு நீங்கிய சில மணி நேரத்தில் தார் வீதி முடிந்தது. அப்பால் சரளை வீதி. தகரக் கூரையின் நெளிவுகளைப் போல அதன் மேற்பரப்பு முழுவதும் நெளிந்து கிடந்தது. வண்டியின் ஒவ்வோர் ஆணியும் அதிர்ந்தது.

"மெதுவாப் போம் தம்பி. இது தார் றோட்டில்லை. சடாரெண்டு பிறேக் பிடிச்சால் வண்டி பிரண்டு போம்."

அவர் சொல்லி ஒரு மணி நேரம் ஆகுமுன் பின்சில்லு ஒன்று வெடித்தது. சூழ நோக்கினேன். கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சட் புல்லும், நீல மலைகளும், ஒரு முகிலும் இல்லாத வானமுமே. இவ்வளவு வெறுமையை நான் கண்டதில்லை. அவ்வெறுமை எனக்குப் பேரின்பமாக இருந்ததை மறைக்க மாட்டேன். இருநூறு பிள்ளைகளின் இரைச்சலுக்கும், நாற்பது பேர் அமரும் பேருந்தில் எண்பது பேர் நிற்கும் காலைப்பொழுதுக்கும் பழகிய ஒருவனுக்கு, மனிதவாடை அற்ற நிலம் மருந்துபோல இருந்தது.

சில்லைக் கழற்ற நாங்கள் இடர்ப்பட்டுக்கொண்டிருந்தபோது புழுதி எழுப்பியபடி ஒரு பழைய வண்டி வந்து நின்றது. பின்தட்டில் கம்பிச் சுருள்களோடு நான்கு தொழிலாளர் அமர்ந்திருந்தனர். ஒரு சொல்லும் பேசாமல் இறங்கினர். பத்து நிமிடத்தில் மாற்றுச் சில்லைப் பூட்டினர். பணம் நீட்டியபோது தலையசைத்து மறுத்தனர். எங்கே செல்கிறீர்கள் என்று அத்தான் வினவினார். வேலி கட்டப் போகிறோம் என்றனர். அவர்கள் சென்ற பின்னர் நான் மலைகளைப் படம் எடுத்தேன். அவர்களை எடுக்கவில்லை.

வேலி என்ற சொல் காதில் விழுந்த பின்னரே அது என் கண்ணிற் பட்டது. யாழ்ப்பாணத்தானுக்கு வேலி புதிதன்று. ஒரு முழ நிலத்துக்காக வழக்காடி ஒரு பரப்பை விற்றவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால், வீதியின் இருமருங்கும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம் முறியாது தொடரும் கம்பி வேலியை அங்குதான் கண்டேன். வெறுமை என நான் வியந்த நிலம் முழுவதும் பண்ணைகளாம்; ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான ஹெக்டேயர். 2018இல் வெளியான அரசாங்கக் காணிப் புள்ளிவிபரத்தின்படி, தனியார் உரிமையிலுள்ள விவசாய நிலத்தில் 70 சதவீதம் வெள்ளையரிடமே இருந்தது. விடுதலை கிடைத்தது 1990 மார்ச் 21ஆம் நாள். இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னரும் நிலை அது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் சொசுஸ்ப்ளே மணற்குன்றுகளை அடைந்தோம். நமீப் பாலைவனம் உலகின் மிகப் பழைய பாலைவனங்களுள் ஒன்று. இரும்புத்தாது ஏறிய மணல் கதிரவன் எழும்போது செங்கல் நிறம் பெற்று, பின் செம்மஞ்சளாகி, நண்பகலில் வெளிறிப் போகிறது. முந்நூறு மீற்றருக்கு மேல் உயர்ந்த குன்றுகளின் நடுவே டெட்ப்ளே என்னும் வெண்களித் தரை. முன்னொரு காலத்தில் ஆறு வந்து தேங்கிய இடம் அது. மணல் வழிமறித்து ஆறு திசைமாறியதும் அங்கு நின்ற மரங்கள் பட்டுப்போயின. பட்டு ஏறத்தாழ 700 ஆண்டுகள் ஆகியும், உக்குவதற்கு வேண்டிய ஈரந்தானும் இல்லாமையால், கரிய எலும்புக்கூடுகளாய் அவை இன்றும் நிற்கின்றன.

அவ்விடத்தில் நான் அரைமணி நேரம் காத்து நின்றேன். என் சட்டகத்துக்குள் நடமாடிய பிற பயணிகள் விலகிப் போகவேண்டும் என்பதற்காகவே. "சனம் நிண்டால் என்ன? அதுகளும் பார்க்கத்தானே வந்ததுகள்" என்றார் அத்தான். "படம் கெட்டுப் போம் அத்தான்" என்றேன்.

பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றவன் சொல்லத்தக்க சொல்லா அது? முதல், கரு, உரி என்று நிலத்தை வகுத்தவர் எம் முன்னோர். மலையோ கடலோ தனியே திணையாவதில்லை. அங்கு வாழும் மக்கள், அவர்தம் தெய்வம், உணவு, தொழில், பறை, யாழ், விலங்கு, மரம் யாவும் கூடியே திணை. மாணவர்க்கு இதனை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுபவன் நான். பாலையைக் கூடத் தனி நிலமாக அவர்கள் கருதவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து கெட்ட நிலையே பாலை என்றனர். ஆனால் படக்கருவி கையில் ஏறியதும் எனக்கு வேண்டியிருந்தது ஆளில்லாத நிலம்.

நமீப்பும் உண்மையில் ஆளில்லாத நிலமன்று. வடக்கே குயிசெப் என்னும் வறண்ட ஆற்றங்கரையில் தொப்னார் மக்கள் இன்றும் வாழ்கின்றனர். இலையற்ற முட்செடியிற் காய்க்கும் நாரா என்னும் பழத்தைப் பறித்துச் சதையை உண்டு, விதையை உலர்த்தி விற்று வருபவர்கள். அவர்களது கிராமங்கள் இருப்பது தேசிய பூங்காவின் எல்லைக்குள். எம் கையிலிருந்த பயணிகள் வரைபடத்திலோ அவ்விடம் வெறும் மஞ்சள் நிறம்.

கடற்கரை நகரமான ஸ்வாகொப்முண்டில் இரண்டு நாள் தங்கினோம். குளிர்ந்த பெங்குவெலா நீரோட்டத்தின் மேல் எழும் மூடுபனி காலைதோறும் நகரை மறைக்கும். ஜேர்மனியர் கட்டிய கோபுர வீடுகளும், கேக்குக் கடைகளும் நிறைந்த அழகிய ஊர். ஊரின் ஓரத்தில் வெள்ளையரின் சேமக்காலை பச்சைப் புல்லும் சலவைக்கல்லுமாய் விளங்குகிறது. அதற்கு அப்பால், பாலை மணலில், பெயரும் கல்லும் இல்லாத சிறு மேடுகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. ஹெரேரோ மக்களின் புதைகுழிகள் அவை.

1904 ஜனவரியில், தம் நிலமும் மாடும் பறிபோவதைப் பொறாத ஹெரேரோக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஓகஸ்ட் 11இல் வாட்டர்பேர்க் மலையடியில் அவர்களை ஜேர்மன் படை தாக்கிற்று. தப்பியோர் ஓமஹேக்கே என்னும் நீரற்ற பாலைக்குள் துரத்தப்பட்டனர். ஒக்டோபர் 2இல் படைத்தளபதி லோதர் வொன் துரோத்தா ஆணை பிறப்பித்தான்: ஜேர்மன் எல்லைக்குள் அகப்படும் ஹெரேரோ எவனும், ஆயுதம் தரித்தவனாயினும் அல்லாதவனாயினும், சுடப்படுவான் என்பதே அதன் சாரம். எஞ்சியோரும் பின்னர் எழுந்த நாமா மக்களும் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டு, பசியாலும் குளிராலும் கட்டாய உழைப்பாலும் மாண்டனர். ஹெரேரோக்களில் ஐவருக்கு நால்வரும், நாமாக்களில் இருவருக்கு ஒருவரும் அழிந்தனர் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. ஸ்வாகொப்முண்டிலும் அத்தகைய முகாம் ஒன்று இருந்தது. இது இனப்படுகொலையே என்று ஜேர்மன் அரசு ஒப்புக்கொண்டது 2021 மே மாதத்தில். முப்பது ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகவும் கூறிற்று. இழப்பீடு என்ற சொல்லை மட்டும் அது தவிர்த்தது.

மேடுகளின் முன் நின்றபோது அத்தான் தொப்பியைக் கழற்றினார். நானும் கழற்றினேன். வீதிகளின் இருமருங்கும் நான் கண்ட வெறுமையின் வரலாறு இப்போதுதான் விளங்கிற்று. அந்நிலம் வெறுமையாக இருந்ததன்று, வெறுமையாக்கப்பட்டது. ஹெரேரோக்களின் நிலம் 1905 டிசம்பர் ஆணையின் கீழ்ப் பறிமுதலாகிப் பண்ணைகளாகக் கூறுபோடப்பட்டது. 1907இல் வந்த சட்டங்கள் ஆபிரிக்கருக்கு நிலமும் மாடும் வைத்திருக்கும் உரிமையை மறுத்து, இலக்கம் பொறித்த உலோகத் துண்டு ஒன்றை அவர்கள் அணிந்து திரிய வேண்டும் என விதித்தன. இதனைப் படித்தபோது, ஏறத்தாழ அதே காலத்தில், தோட்ட இலக்கம் பொறித்த தகரத்துண்டைக் கழுத்திற் கட்டி இலங்கைக்கு இறக்கப்பட்ட எம் மலையகத் தொழிலாளரின் முன்னோரே என் நினைவுக்கு வந்தனர்.

அதே 1907ஆம் ஆண்டு, ஆளுநரான வொன் லிண்டெக்குவிஸ்ற், விலங்குகளுக்கெனப் பெருநிலப் பரப்புகளை ஒதுக்கி அறிவித்தார். வேட்டைத் துப்பாக்கிகளால் யானையும் காண்டாமிருகமும் அருகிவிட்டமையே காரணம். மானுக்குக் காடு கொடுத்த ஆண்டிலேயே மனிதனுக்குத் தகரம் கொடுத்தனர்.

அன்று ஒதுக்கப்பட்ட நிலங்களுள் ஒன்றுதான் எத்தோசா. இன்று 22,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட தேசிய பூங்கா; இலங்கையின் மூன்றில் ஒரு பங்கு. அதன் நடுவே ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீற்றர் பரப்பில் உப்பு வெண்தரை. யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல். எங்கள் பயணத்தின் எட்டாம் நாள் நாங்கள் அங்கு நுழைந்தோம். வாயிலில் தந்த விதிகளுள் முதன்மையானது, தங்குமிடங்கள் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கலாகாது என்பது.

ஒக்காக்குவேயோ தங்குமிடத்தின் நீர்நிலையில் இரவு முழுவதும் மங்கிய விளக்கொளி வீசும். சிறு மதிலின் இப்பால் நாங்கள், அப்பால் விலங்குகள். முதலில் பதினொரு யானைகள் ஓசையின்றி வந்தன. பின்னர் கன்றோடு ஒரு கரிய காண்டாமிருகம். கன்றை முன்னே விட்டுத் தாய் பின்னே நின்று காற்றை மோந்தது. ஒட்டகச்சிவிங்கி ஒன்று நீரருகே வந்தும், முன்கால்களை அகட்டிக் குனிய அஞ்சி, மும்முறை முயன்று திரும்பிற்று. அவ்விரவை நான் என்றும் மறவேன். இவ்வுயிர்கள் அழிந்துவிடாமற் காத்தவர்களுக்கு நன்றி சொல்லாத மனிதன் நானல்லன்.

மறுநாட் காலை எங்கள் கூடாரத்தருகே சருகு கூட்டிக்கொண்டிருந்த பணியாளர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். தாம் இவ்விடத்து மனிதர் என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். "இவ்விடம்" என்று கையால் பூங்கா முழுவதையும் சுட்டினார். ஹைஓம் இனத்தவர் அவர். அப்பெயரின் தொடக்க எழுத்துக்கும் ஈற்று எழுத்துக்கும் இடையே ஓர் ஒலி உண்டு; நாவின் ஒரு பக்கத்தால் எழுப்பப்படுவது; எம்மூர் வண்டிக்காரர் மாட்டை முடுக்க எழுப்புவார்களே, அதுவே. எமது நெடுங்கணக்கில் அதற்கு எழுத்தில்லை. நான்கு முறை முயன்றேன். அவர் சிரித்தார், பின் மெல்ல மீண்டும் சொல்லிக் காட்டினார்.

எத்தோசா நிலத்தில் வேட்டையாடியும் கிழங்கும் பழமும் திரட்டியும் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் ஹைஓம் மக்கள். 1907க்குப் பின்னரும் அவர்கள் அங்கே இருக்க விடப்பட்டனர். 1954இல் தென்னாபிரிக்க ஆட்சி அவர்களை வெளியேறுமாறு கட்டளையிட்டது. வேலைக்கு வேண்டியவர்கள் மட்டும் பூங்காவில் வைத்துக்கொள்ளப்பட்டனர். ஏனையோர் சூழவுள்ள பண்ணைகளிற் கூலிகளாயினர். தம் நில உரிமையை நிலைநாட்ட 2015இல் அவர்களிற் சிலர் நீதிமன்றம் சென்றனர். இனம் முழுவதன் சார்பிலும் வழக்காட அவர்களுக்குத் தகுதி இல்லையென்று 2019இல் மேல் நீதிமன்றமும், 2022இல் உச்ச நீதிமன்றமும் தீர்த்தன.

பணியாளரின் தந்தை அன்று வைத்துக்கொள்ளப்பட்டவர்களுள் ஒருவராம். பாட்டனார் புதைக்கப்பட்ட இடம் அங்கிருந்து வண்டியில் ஒரு மணி நேரத் தூரத்தில், ஒரு நீரூற்றின் அருகே. "போய்ப் பார்ப்பதுண்டா?" என்றேன். "வண்டியில் அவ்வழியே போனால் பார்க்கலாம். இறங்க முடியாது" என்றார். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அடுத்த கூடாரத்தை நோக்கி நடந்தார். அவ்வேளை கூரைமேல் வந்தமர்ந்த மஞ்சள் அலகுப் பறவை ஒன்றை நான் படம் எடுத்தேன். ஓரத்தில், பாதி வெட்டுண்டவராய், அவர் விழுந்திருக்கிறார். அதுவே ஐந்தாவது படம்.

பயணத்தின் இறுதி நாள்களில் ஒரு செய்தி பரவிற்று. அவ்வாண்டு கொடிய வறட்சி. ஏறத்தாழ 14 இலட்சம் மக்கள், நாட்டின் பாதிப் பேர், உணவின்றி இடர்ப்படும் நிலை. ஆதலால் 723 காட்டு விலங்குகளைச் சுட்டு அவற்றின் இறைச்சியை மக்களுக்கு வழங்க அரசு தீர்மானித்தது. அவற்றுள் யானைகள் 83, வரிக்குதிரைகள் 300. தங்குமிடத்து உணவுச்சாலையில் பயணிகள் கொதித்தனர். யானைகளுக்காகக் கண்ணீர் உகுத்த ஓர் அம்மையாரைக் கண்டேன். என் மனமும் யானைகளுக்காகவே முதலில் நொந்தது. இத்தகைய வேட்டையால் பசி தீருமா என்பது நியாயமான கேள்விதான். ஆயின் அம்மேசையில் 83 என்ற எண்ணைச் சொன்னவர் பலர். 14 இலட்சம் என்ற எண்ணைச் சொன்னவர் எவருமில்லை. எங்கள் தட்டுகளை எடுத்துச்சென்ற இளைஞனிடம், உன் ஊரில் மழை பெய்ததா என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மனிதனா விலங்கா என்று கட்சி பிரிப்பது என் நோக்கமன்று. அந்நாடே அதற்கு மாற்றுவழி ஒன்றைக் காட்டியிருக்கிறது. 1996இல் இயற்றிய சட்டத்தால், பொதுநிலங்களில் வாழும் மக்கள் தம்மைச் சங்கமாக அமைத்துக்கொண்டு, அங்குள்ள விலங்குகளைப் பேணவும், அதனால் வரும் வருமானத்தைப் பெறவும் உரிமை பெற்றனர். இன்று அத்தகைய சங்கங்கள் எண்பதுக்கு மேல். நாட்டின் ஏறத்தாழ ஐந்திலொரு பகுதி அவற்றின் பொறுப்பில். எத்தோசாவுக்கு முன்னர் நாங்கள் சென்ற ட்வைபெல்பொன்ரெயின் என்னும் இடத்தில், அவ்வூர் இளம்பெண் ஒருத்தியே எமக்கு வழிகாட்டினாள். செம்பாறைகளில் 2,000க்கு மேற்பட்ட உருவங்கள், வேட்டையாடி வாழ்ந்தோர் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செதுக்கியவை. அவற்றுள் சிங்கம் ஒன்று; அதன் பாதங்களில் ஐந்து விரல்கள். சிங்கத்தின் அடிச்சுவட்டில் நான்கே விரல் பதியும் என்பதை வேடனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சிங்கமாக மாறிய மனிதனை அவன் செதுக்கினான் என்றாள் அப்பெண். மனிதனையும் விலங்கையும் ஒரே பாறையில், ஒரே உடலில் வைத்துப் பார்த்த கண் அது. வேலி பிந்தி வந்தது.

நாம் வேறு என்று பெருமை கொள்வதற்கும் இல்லை. 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா அமைந்தபோது, அக்காட்டில் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடர்கள் தம் காட்டுக்குள்ளேயே சட்டத்தை மீறியவர்களாயினர். பூங்காவுக்குச் சுற்றுலா செல்லும் எம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாம் யானையைக் காட்டுகிறோம். அச்செய்தியைச் சொல்வதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே பாடவேளையில் மீண்டும் அவ்வகுப்புக்குச் சென்றேன். படங்கள் கொண்டுபோகவில்லை. கரும்பலகையில் நமீபியாவின் எல்லையை வரைந்தேன். போன கிழமை கேள்வி கேட்ட மாணவியை அழைத்துச் சுண்ணக்கட்டியைக் கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: தொப்னார், ஹெரேரோ, நாமா, ஹைஓம். ஹைஓம் என்ற பெயரை எழுதி நிறுத்தியபோது, அதன் நடுவே வரும் ஒலியை எழுப்பிக் காட்டினேன். வகுப்பு முழுவதும் அதனை முயன்றது. முன் வரிசைப் பையன் ஒருவன் சரியாகவே சொன்னான். அவன் தகப்பன் வண்டில் வைத்திருப்பவர்.

பின்னர் ஐந்தாவது படத்தைப் பற்றிச் சொன்னேன். அவருடைய பெயர் என்ன என்று அம்மாணவி கேட்டாள்.

நான் கேட்டிருக்கவில்லை.